குமுளிக்கு மேல ஒரு அர்த்தம், கீழ ஒரு அர்த்தம்: ‘ரிவர்ட்’டை எங்க எப்படி எழுதுறது

எனக்கு வீடு கம்பத்துல, ஆபீஸ் குமுளியில. காலையில லோயர் கேம்ப் தாண்டி மலையேறி சாயங்காலம் இறங்குற ஆளு. ஏலக்காய் ஏற்றுமதி பண்ற சின்ன கம்பெனி, மெயில் போடுறது பில் அடிக்கிறது கூரியர்காரரோட மல்லுக்கட்டுறது எல்லாம் என் தலையில. வேலைக்கு சேர்ந்த மொத வாரம் பக்கத்து சீட் சேட்டன் என்னைப் பாத்து “மறுபடி வந்நோ?”ன்னு கேட்டாரு. “மறுபடி எங்க சேட்டா வர்றது, காலையில இருந்து இங்கனதான உக்காந்திருக்கேன்”னேன். மனுசன் சிரிச்சு கைல இருந்த டீயைக் கொட்டிட்டாரு. அவரு கேட்டது பார்ட்டிகிட்ட இருந்து பதில் வந்துச்சான்னு. மலையாளத்துல மறுபடின்னா பதிலாம். நமக்கு மறுபடின்னா திரும்ப, இன்னொரு தடவை. சொல்லு ஒண்ணுதான், செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு அர்த்தம் இந்தப் பக்கம் ஒரு அர்த்தம். வெள்ளமும் அப்படித்தான், நமக்கு ஊரை அடிச்சிட்டுப் போறது, அவங்களுக்கு டம்ளர்ல குடிக்கிறது. பட்டியைச் சொல்லவே வேணாம், எங்க மாவட்டத்துல பாதி ஊரு பட்டியிலதான் முடியுது, அவங்க ஊர்ல பட்டின்னா நாய்.

இந்தக் கதையை எதுக்கு சொல்றேன்னா, இங்கிலீஷ்ல ரிவர்ட்டுன்னு ஒரு சொல்லு இருக்குல்ல, “கைண்ட்லி ரிவர்ட்”னு மெயில் கடைசியில போடுவோமே, அதுவும் அச்சு அசல் இந்த மறுபடி கேஸுதான். நாட்டுக்குள்ள ஒரு அர்த்தம், கடல் தாண்டுனா வேற அர்த்தம். அதைத் தெரியாம நான் ஒரு தடவை நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், அதனால தெரிஞ்ச வரைக்கும் இங்க எழுதுறேன், புதுசா ஆபீஸ் வேலைக்குப் போற தம்பி தங்கச்சிங்களுக்கு ஆகும்.

நடந்தது இதான். இங்கிலாந்துல ஒரு பார்ட்டிக்கு கிலோ 24 டாலர்னு ரேட் சொல்லியிருந்தோம். அடுத்த வாரமே போடி ஏலத்துலயும் புத்தடி ஏலத்துலயும் விலை எகிறிருச்சு (நமக்கு காயும் ஏலம், கூவி விக்கிறதும் ஏலம், சேட்டன் மட்டும் காய்க்கு ஏலம் கூவுறதுக்கு லேலம்னு சரியாப் பிரிச்சு வச்சிருக்காரு). சரின்னு 27 டாலர்னு புது ரேட் போட்டு அனுப்பிட்டு, ரெண்டு நாளா பதிலே இல்லைன்னதும் நான் என் இங்கிலீஷ் புலமையைக் காட்டி “ப்ளீஸ் ரிவர்ட் தி ரேட் அட் தி எர்லியஸ்ட்”னு ஒரு ரிமைண்டர் தட்டிவிட்டேன். நான் நெனச்சது ரேட்டுக்கு சீக்கிரம் பதில் சொல்லுங்கன்னு. அவங்க படிச்சது ரேட்டை சீக்கிரம் பழையபடி மாத்துங்கன்னு. பத்து நிமிசத்துல பதில் வந்துருச்சு, ரொம்ப சந்தோசம், 24-க்கே திரும்பிட்டோம், பர்ச்சேஸ் ஆர்டர் இணைச்சிருக்கோம்னு. நானே ரேட்டைக் குறைச்சுக்கச் சொல்லி கெஞ்சுன மாதிரி ஆயிருச்சு. அதைச் சரிபண்ண மூணு நாள், நாலு போன், மொதலாளிகிட்ட வாங்குனது தனிக்கணக்கு. இதுல வேடிக்கை என்னன்னா அதே வாரம் துபாய் பார்ட்டிக்கும் இதே வரியை அனுப்பியிருந்தேன், அங்க பர்ச்சேஸ் பாக்குறவரு மலப்புரத்துக்காரரு, அவருக்கு கரெக்ட்டா புரிஞ்சு ரேட்டுக்கு பதில் போட்டுட்டாரு.

சரி, சொல்லுக்கு வருவோம். ரிவர்ட் லத்தீன்ல இருந்து வந்தது. ரி-ன்னா பின்னாடி, வெர்ட்டெரேன்னா திரும்புறது. ரெண்டும் சேந்தா பின்னாடி திரும்புறது. கன்வர்ட், டைவர்ட், இன்வர்ட் எல்லாம் இதோட பங்காளிங்க, எல்லாத்துலயும் திரும்புறது இருக்கும். கன்வர்ட் ஒண்ணு இன்னொண்ணா மாறித் திரும்புறது, டைவர்ட் வேற பக்கம் திருப்பிவிடுறது, இன்வர்ட் தலைகீழாத் திருப்புறது. உச்சரிக்கும்போது அழுத்தம் ரெண்டாவது பாதியில, ரி-யை லேசா சொல்லிட்டு வர்ட்டை அழுத்தணும்.

ஆக ரிவர்ட்டுக்கு மூல அர்த்தம், முன்னாடி இருந்த நிலைமைக்கே திரும்பிப் போறது. பழைய பழக்கத்துக்கு, பழைய பிளானுக்கு, பழைய சொந்தக்காரருக்கு, விட்ட இடத்துல இருந்து பழைய பேச்சுக்கு. இதுல நான் பிடிச்சு வச்சிருக்கிற ஒரே கேள்வி: முன்னாடி அப்படி இருந்துச்சா? ஆமான்னா ரிவர்ட் போடலாம். இல்லைன்னா போடக்கூடாது, வேற சொல்லு தேடணும். இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே முக்கால்வாசி தப்பு போயிரும்.

நம்ம பக்கத்து உதாரணமே பாருங்க. முல்லைப் பெரியாறு அணை. முழு மட்டம் 152 அடி. 1979-ல அதை 136 அடியாக் குறைச்சாங்க. 2014 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புப்படி 142 வரைக்கும் தேக்கலாம். இப்ப 136-ல இருந்து 142-க்கு போனதை இங்கிலீஷ்ல எழுதணும்னா ரிவர்ட்டுன்னு எழுதலாமா? கூடாது. 142-ங்கிறது பழைய மட்டம் இல்லை, புதுசா வந்த நம்பர். அங்க ரெய்ஸ்னுதான் எழுதணும், “தி லெவல் வாஸ் ரெய்ஸ்ட் டு 142 ஃபீட்”. என்னைக்காவது 152-க்கே போச்சுன்னா அன்னைக்கு “தி லெவல் ரிவர்ட்டட் டு 152 ஃபீட்”னு எழுதிக்கலாம். போகணுமா வேணாமாங்கிற சண்டைக்கு நான் வரலை, எனக்கு சம்பளம் மேல, சாப்பாடு கீழ.

அதே அணையில இன்னொண்ணு. 1886 அக்டோபர் 29-ல திருவிதாங்கூரும் வெள்ளைக்காரன் சர்க்காரும் போட்ட குத்தகை, சுமார் 8000 ஏக்கர், 999 வருசத்துக்கு. மீன் பிடிக்கிற உரிமையும் அப்ப மெட்ராஸ் பக்கம் வந்துச்சு. 1970-ல போட்ட துணை ஒப்பந்தத்துல மீன் பிடிக்கிற உரிமையை தமிழ்நாடு விட்டுக் கொடுத்து அது கேரளாவுக்கே திரும்பப் போயிருச்சு. இது பக்கா ரிவர்ட். “தி ஃபிஷிங் ரைட்ஸ் ரிவர்ட்டட் டு கேரளா”. குத்தகை, இனாம், தானம்னு வர்ற சட்ட இங்கிலீஷ்ல இந்த சொல்லுக்கு தனி மரியாதையே உண்டு, காலம் முடிஞ்சு புதுப்பிக்கலைன்னா சொத்து கொடுத்தவங்களுக்கே ரிவர்ட் ஆகும்னு எழுதுவாங்க. இந்த 999 வருசம் கணக்குப் போட்டா 2885 வாக்குல முடியும், அதுவரைக்கும் நம்ம இங்கிலீஷ் திருந்தியிருக்கும்னு நம்புவோம்.

வடக்க ஆந்திரா எல்லையில திருத்தணி. அது மெட்ராஸோட இருந்துச்சு, 1953-ல ஆந்திரா தனி மாநிலம் ஆனப்ப அங்க போயிருச்சு, ம.பொ.சி. மாதிரி ஆளுங்க போராடி 1960 ஏப்ரல் 1-ல திரும்ப மெட்ராஸுக்கே வந்துச்சு. முன்னாடி இருந்துச்சா? இருந்துச்சு. அப்ப “திருத்தணி ரிவர்ட்டட் டு மெட்ராஸ்” சரி. கன்னியாகுமரி மாவட்டமும் அப்படித்தானன்னு அவசரப்பட்டு எழுதிராதீங்க. அது திருவிதாங்கூர்ல இருந்த பகுதி, 1956 நவம்பர் 1-ல மெட்ராஸோட சேந்துச்சு, அதுக்கு முன்னாடி அந்த மாநிலத்துல இல்லை, அதனால அங்க ஜாயின்டு, மெர்ஜ்டுன்னு எழுதணும். பாண்டியர் காலத்துல நம்மகிட்டதான் இருந்துச்சுன்னு யாராவது கெளம்பி வருவீங்க, வாங்க, அந்தக் கணக்குல பாத்தா உலகத்துல எல்லாமே ரிவர்ட்தான்.

பேருக்கும் வரும். திருவனந்தபுரத்தை வெள்ளைக்காரன் ட்ரிவாண்ட்ரம்னு ஆக்கி வச்சிருந்தான், 1991-ல அரசாங்கம் பழைய பேரையே திரும்பக் கொண்டு வந்துச்சு. “தி நேம் ரிவர்ட்டட் டு திருவனந்தபுரம்”. சேட்டன் இன்னும் ட்ரிவாண்ட்ரம்னுதான் சொல்றாரு, அது வேற விசயம்.

மனுசங்களுக்கும் இதே கதைதான். எங்க சித்தப்பா சுகர்னு தெரிஞ்சதும் ரெண்டு மாசம் சீனி இல்லாத கட்டங்காப்பி குடிச்சாரு, கோயில் திருவிழா வந்ததும் பழையபடி ரெண்டு கரண்டி சீனிக்கு போயிட்டாரு. “ஹி ரிவர்ட்டட் டு ஹிஸ் ஓல்ட் ஹேபிட்ஸ்”. கொஞ்சம் கவனிச்சீங்கன்னா ஆளுங்களுக்கு ரிவர்ட் போடும்போது பெரும்பாலும் திருந்துனவன் கெட்டுப்போன வாசனைதான் அடிக்கும். அதனால ஒருத்தரைப் பாராட்டி எழுதும்போது ரிட்டர்ன்டு போடுறது நல்லது.

கவர்மெண்ட் ஆளுங்களுக்கு இந்த சொல்லு வேற மாதிரி பயம். ரிவர்ஷன்னா அவங்க அகராதியில பதவி இறக்கம், மேல் போஸ்ட்ல இருந்தவரை பழைய போஸ்ட்டுக்கே அனுப்புறது. தாலுகா ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆன எங்க பெரியப்பா ஒரு பத்திரம் விசயமா கேட்டதுக்கு நான் ஸ்டைலா “வில் ரிவர்ட் பெரியப்பா”ன்னு வாட்ஸப்புல போட, உடனே போன், “யாரைடா ரிவர்ட் பண்ணப்போற, நான் ரிட்டயர் ஆயி பதினோரு வருசம் ஆச்சு”ன்னு. அவருதான் பழைய சொத்து கேஸ் கட்டுகள்ல வர்ற ரிவர்ஷனருக்கும் அர்த்தம் சொன்னாரு. 1956-ல இந்து வாரிசுரிமைச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி புருசன் செத்து பொண்டாட்டிக்கு சொத்து வந்தா அது பொதுவா அந்தம்மா ஆயுசு வரைக்கும்தான், அப்புறம் புருசனோட வாரிசுங்களுக்கே திரும்பிப் போகும், அப்படி காத்துக்கிட்டு இருந்தவங்களுக்குப் பேரு ரிவர்ஷனர். அங்கயும் பாருங்க, திரும்பிப் போறதுதான்.

இப்ப இலக்கணம் கொஞ்சம். ரிவர்ட்டுக்குப் பின்னாடி எங்க திரும்புதுன்னு சொல்ல டு வேணும், அதுக்குப் பின்னாடி பெயர்ச்சொல்லு, இல்லைன்னா இங் போட்ட வினை. “ரிவர்ட்டட் டு யூசிங் கேஷ்” சரி, “ரிவர்ட்டட் டு யூஸ் கேஷ்” தப்பு. ரிவர்ட் பேக் வேணாம், பின்னாடிங்கிறது ரி-யிலயே இருக்கு, நடு சென்டர்னு சொல்ற மாதிரி ஆயிரும். ரிவர்ஷன்ல ஷ சத்தம் வர்றதால பலபேரு ஸ்பெல்லிங்ல வர்ட்டை அப்படியே வச்சு பின்னாடி ஷன் ஒட்டுறாங்க, அப்படி ஒரு சொல்லே இல்லை, டி போயி எஸ் வரணும். ரிவர்சல் வேற, அது ரிவர்ஸ்ல இருந்து வர்றது, தீர்ப்பு தலைகீழா மாறுறதுக்கு, பேங்க்ல தப்பாப் பிடிச்ச காசைத் திருப்பிப் போடுறதுக்கெல்லாம் அதான்.

பின்னாடி நேரா ஒரு பொருளைப் போட்டு ‘ரிவர்ட் தி’ன்னு எழுதுறது கம்ப்யூட்டர் ஆளுங்க பழக்கம். ரிவர்ட் தி சேஞ்சஸ்னா பண்ணுன மாத்தத்தை ரத்து பண்ணி முன்ன இருந்தபடி ஆக்குறது. புரோகிராம் எழுதுறவங்க பண்ற மாத்தத்தை எல்லாம் பதிஞ்சு வைக்கிற கிட்டுங்கிற சாஃப்ட்வேர்ல ரிவர்ட் கமாண்டே இருக்கு, முன்ன பண்ணுன மாத்தத்துக்கு நேர் எதிரா இன்னொரு பதிவு (அவங்க பாஷையில கமிட்) போட்டு சரிக்கட்டும். விக்கிப்பீடியாவுல ஒருத்தர் எழுதுனதை அடுத்தவர் பழைய வடிவத்துக்கே கொண்டு போனாலும் ரிவர்ட்தான். நான் அனுப்புன “ரிவர்ட் தி ரேட்”டை அந்த இங்கிலாந்துக்காரங்க இப்படித்தான் படிச்சிருக்காங்க, அவங்க மேல ஒரு தப்பும் இல்லை.

அப்ப பதிலுங்கிற அர்த்தம் எங்க இருந்து வந்துச்சு? நம்ம ஆபீஸ் இங்கிலீஷ்ல, அது கூடவே சிங்கப்பூர் மலேசியாவுலயும் ஓடுது. விசயத்துக்கே திரும்ப வர்றேன், உங்ககிட்ட திரும்ப வர்றேன்னு சொல்ற வழியில புழங்கிப் புழங்கி பதில் ஆயிருச்சுன்னுதான் எனக்குத் தோணுது. கப்பல் தரகு பண்றவங்க மெயில்ல உலகம் பூரா வில் ரிவர்ட்தான். இங்கிலீஷ் டிக்ஷனரிக்காரங்களும் இப்ப இந்திய இங்கிலீஷ்னு குறிப்புப் போட்டு ரிப்ளைங்கிற அர்த்தத்தையும் ஏத்தியிருக்காங்க. அதனால இது தப்பு இங்கிலீஷ், கேவலம்னு மூக்கைச் சிந்துற ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்காரங்களை நான் ஒத்துக்க மாட்டேன். கோடிக்கணக்கான பேரு ஒரு அர்த்தத்துல எழுதி அதே அர்த்தத்துல படிக்கிறாங்கன்னா அது எப்படி தப்பாகும். சேட்டன் மறுபடின்னு சொல்றது தப்பா? இல்லையே, கம்பம் பஸ் ஸ்டாண்டுல வந்து சொன்னா புரியாது, அவ்வளவுதான்.

ஆகவே போடுறதுக்கு முன்னாடி யாரு படிக்கப்போறாங்கன்னு பாருங்க. மதுரை ஆடிட்டர், கொச்சின் ஷிப்பிங் ஏஜென்ட், பெங்களூர் ஹெட் ஆபீஸ், இவங்களுக்கு கைண்ட்லி ரிவர்ட் தாராளமாப் போடலாம், எனக்குப் பிடிக்காதுதான் ஆனா போடலாம். இங்கிலாந்து, அமெரிக்கா, ஜெர்மனின்னா போடவே போடாதீங்க. ஐஎல்ட்ஸ் மாதிரி பரீட்சை, வெளிநாட்டு காலேஜ் அப்ளிகேஷன், விசா லெட்டர் இதுலயும் வேணாம், அங்க மூல அர்த்தம் மட்டும்தான் பாதுகாப்பு. யாரு படிப்பாங்கன்னு தெரியலைன்னாலும் ரிப்ளையே போட்டுருங்க, எல்லா ஊர்லயும் செல்லும்.

பதிலுக்கு என்ன எழுதுறது? பதில் வேணும்னா “ப்ளீஸ் ரிப்ளை பை ஃப்ரைடே”. அட் தி எர்லியஸ்ட்டை விட கிழமை போடுறது எவ்வளவோ மேல், எர்லியஸ்ட்னா அவனுக்கு நாளைக்கு, இவனுக்கு அடுத்த மாசம். ஒரு முடிவு வேணும்னா அதையே கேளுங்க, “ப்ளீஸ் கன்ஃபர்ம் தி ரேட் ஆஃப் 27 டாலர்ஸ்”. நான் அன்னைக்கு இதை எழுதியிருந்தா மூணு நாள் தூக்கம் மிச்சம். நாம பதில் சொல்ல டைம் கேக்கணும்னா “ஐ வில் கெட் பேக் டு யூ பை டுமாரோ ஈவ்னிங்”. சும்மா தகவல் தெரிஞ்சா போதும்னா “ப்ளீஸ் லெட் மீ நோ”. ‘ஐ வில் ரிவர்ட் யூ’ மட்டும் எங்கயும் எழுதாதீங்க, உள்ளூர்லயே அது நொண்டும், ஆளையே பழைய நிலைமைக்கு மாத்திருவேன்னு மெரட்டுற மாதிரி இருக்கு. ‘அவெய்ட்டிங் யுவர் ரிவர்ட்’டும் அப்படித்தான், அங்க ரிப்ளை போட்டா என்ன குறைஞ்சா போயிரும்.

அடுத்தவங்க நமக்கு கைண்ட்லி ரிவர்ட்னு போட்டா திருத்த வேணாம், அர்த்தம் புரியுதுல்ல, பதிலைப் போட்டுட்டு வேலையைப் பாருங்க. ரேட், தேதி, அளவு, பழைய சரக்கு புது சரக்குன்னு ரெண்டு வகையா படிக்க வாய்ப்பு இருக்கிற எடத்துல மட்டும் ஒரு வரி கேட்டுக்கங்க, நீங்க பதில் கேக்குறீங்களா இல்லை பழசுக்கே போகச் சொல்றீங்களான்னு. நான் இப்ப அப்படித்தான் கேக்குறேன். ஒரு தடவை கொச்சின்ல இருந்து “ரிவர்ட் டு ஓல்ட் பேக்கிங்”னு வந்துச்சு, பழைய பேக்கிங் பத்தி பதில் கேக்குறாங்கன்னு சேட்டன் சொன்னாரு, நான் சந்தேகப்பட்டு போன் அடிச்சேன், நெசமாவே பழைய பேக்கிங்குக்கே மாறச் சொல்லியிருக்காங்க. டு இருந்துச்சு, பின்னாடி பழசுன்னு ஒண்ணு இருந்துச்சு, கணக்கு சரியாத்தான் வந்துச்சு.

கடைசியா ஒண்ணு, இதைப் படிச்சிட்டு இனிமே எழுத மாட்டேன்னு முடிவு பண்ணுனாலும் உங்க மெயில்ல அது ஏற்கனவே ஒளிஞ்சு உக்காந்திருக்கும். சிக்னேச்சருக்கு மேல, ப்ரொஃபார்மா இன்வாய்ஸ் அடியில, யாரோ பத்து வருசம் முன்னாடி அடிச்சு வச்ச ரிமைண்டர் ஃபார்மட்ல எல்லாம் கிடக்கும். மெயில்ல சர்ச் போட்டு ரிவர்ட்னு தேடுங்க. நான் தேடுனப்ப எங்க ஃபார்மட் ஃபைல்ல மட்டும் ஆறு எடத்துல இருந்துச்சு, அஞ்சை மாத்திட்டேன். ஆறாவது துபாய் பார்ட்டிக்கு போற ஃபார்மட், மலப்புரத்துக்காரருக்குப் பழக்கமா இருக்கட்டும்னு அப்படியே விட்டு வச்சிருக்கேன்.